சாதியைக் குழந்தை கற்கும் வயதும் சட்டம் எட்டாத வயதும்

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகேயுள்ள பாஞ்சாகுளம் கிராமத்தில், தின்பண்டம் வாங்கச் சென்ற தலித் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொருள் தர ஒரு கடைக்காரர் மறுத்தார். ஊர் கூடிக் கட்டுப்பாடு விதித்திருப்பதாகவும், இனி யாரும் கடைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் போய்ச் சொல்லும்படியும் அக்குழந்தைகளிடமே கூறினார். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து பரப்பியதும் அவர் தரப்பே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று; கைதுகள் நடந்தன; கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாத காலம் அவ்வூருக்குள் நுழையக்கூடாதெனச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிட்டது. அரிதாகவே பயன்படுத்தப்படும் பிரிவு அது. சட்டம் தன்னால் இயன்றதை விரைந்து செய்த வழக்குகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அக்கடை வாசலில் ஒரு பாடம் நடத்தப்பட்டுவிட்டது. வெறுங்கையுடன் திரும்பிய குழந்தைகள் அதைக் கற்றார்கள். அதே கடையில் தடையின்றி மிட்டாய் வாங்கும் மற்றக் குழந்தைகளும் கற்றார்கள். எந்தத் தீர்ப்பாலும் அப்பாடத்தைத் திரும்பப் பெற இயலாது. அதனை மறுக்கும் இன்னொரு பாடத்தை யார், எந்த வயதில், எங்கே நடத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம்.

பாகுபாட்டுக்கு எதிரான கல்வி என்னும் கருத்து அமெரிக்க நிறவெறியை எதிர்த்த போராட்டத்தின் வழியே உருவானது. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் இணையர், மூன்று முதல் ஏழு வயதுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் அடிக்குறிப்பொன்றில் கிளார்க்கின் ஆய்வைச் சுட்டியது. பின்னர் 1989இல் லூயிஸ் டெர்மன் ஸ்பார்க்ஸும் அவருடைய குழுவினரும் மழலையர் கல்விக்கென ஒரு பாடத்திட்ட நூலை வெளியிட்டனர். குழந்தை தன் அடையாளத்தில் தன்மதிப்புக் கொள்ளுதல், வேறுபாடுகளோடு இயல்பாகப் பழகுதல், அநீதியை இனங்காணுதல், அதனை எதிர்த்துப் பேசுதல் என்பன அதன் நான்கு இலக்குகள். நான்கும் நமக்கும் உரியவையே.

ஆனால் அந்த முறையை அப்படியே எடுத்து நம் அங்கன்வாடியில் வைத்துவிட முடியாது. பல நிறப் பொம்மைகளும் பல நிறக் கிரேயான்களும் நிறவெறிக்கு விடை கூறலாம், சாதிக்குக் கூறா. நிறத்தைக் குழந்தை தன் கண்ணால் காண்கிறது. சாதியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்தாலன்றி, அல்லது செய்துகாட்டினாலன்றி, நான்கு வயதுக் குழந்தைக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே குழந்தையிடம் காணப்படும் சாதி முழுவதும் பெரியவர்களிடமிருந்து வந்தது. குடும்பத்தைத் தொடாமல் குழந்தைக்கு மட்டும் நடத்தப்படும் பாகுபாட்டெதிர்ப்புக் கல்வி நம் சூழலில் பயன் தராது என்று நாம் கூறுவது இதனாலேயே.

தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்பக்கத்தில் அச்சிடுகின்றன. நல்லதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையால் அந்த வாக்கியத்தைப் படிக்க முடியாது. 'தீண்டாமை' என்ற சொல்லும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை வேறு. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்பது தெரியும். எந்தத் தெருவுக்கு விளையாடப் போனால் பாட்டி திட்டுவாள் என்பது தெரியும். பள்ளித் தோழன் வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு நிற்பானா, அடுப்படி வரை வருவானா என்பதும் தெரியும்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான பாடம் விளிச்சொல்லில் இருக்கிறது. நம் மொழியில் குழந்தைக்கு எல்லோரும் உறவினர். பால்காரர் மாமா, எதிர்வீட்டுப் பெண்மணி அத்தை, பேருந்தில் இடம் தரும் முதியவர் தாத்தா. இந்த உறவு வட்டத்திற்கு வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் அறுபது வயதுத் தலித் முதியவரை ஆறு வயதுச் சிறுவன் பெயர் சொல்லி, 'வா, போ' என்று ஒருமையில் அழைக்கிறான். அவரோ அவனைச் 'சின்னவரே' என்கிறார். அங்கே யாரும் சாதியின் பெயரைச் சொல்லவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் சாதியின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு விளியில் இருக்கிறது. அம்முதியவரின் பேரக்குழந்தையும் அருகில் நின்று அதைக் கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பிரிவு எதுவும் இல்லை, இருக்கவும் இயலாது.

சோற்றுத் தட்டில் நடக்கும் பாடம்

பள்ளியில் சாதி வெளிப்படையாக மோதும் இடம் சமையற்கூடம். சமைத்த மதிய உணவைத் தொடக்கப் பள்ளிகளில் வழங்க வேண்டுமென்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அதே வழக்கில், சமையலர், உதவியாளர் பணியிடங்களில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டுமென 2004 ஏப்ரல் 20 அன்று மீண்டும் ஆணையிட்டது. வேலைவாய்ப்பு மட்டுமன்று அதன் நோக்கம். ஒரு தலித் பெண் சமைத்ததை எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அன்றாட நிகழ்வு, எந்தப் பாடநூலும் தர முடியாத கல்வி. நீதிமன்றம் தந்த பாகுபாட்டெதிர்ப்புப் பாடத்திட்டம் என்றே அதனைக் கொள்ளலாம்.

அதனால்தான் எதிர்ப்பும் அங்கே எழுகிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக்கூடாதென ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டனர். அதிகாரிகள் முதலில் செய்தது அப்பெண்ணை இடமாற்றியதுதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த ஆணை விலக்கப்பட்டு வழக்கும் பதிவாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாதெனப் பெற்றோர் சிலர் தடுத்தனர்.

இவ்விரு ஊர்களிலும் ஆட்சியரோ மக்கள் பிரதிநிதியோ நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்டனர். வழக்குப் பாயும் என்ற எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. இரண்டும் தேவையானவையே. ஆனால் ஆட்சியர் ஒரு நாள் உண்பார். குழந்தை மறுநாளும் வீட்டுக்குத்தான் திரும்பும். 'சாப்பிடாதே' என்று தாய் சொன்னதற்கும் 'சாப்பிடு' என்று ஆசிரியர் சொல்வதற்கும் நடுவில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று பசியோடு நிற்கிறது. அந்தத் தாயிடம் பேச அரசுக்கு ஓர் ஏற்பாடும் இல்லை. மிரட்டலுக்கு அஞ்சித் தட்டை ஏந்தும் குடும்பம், வீட்டுக்குள் இன்னும் இறுக்கமாகச் சாதியைக் கற்பிக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. (இதைச் சாக்காக வைத்து வழக்கே வேண்டாம் என்போருடன் நமக்கு உடன்பாடில்லை. சமைக்கும் பெண்ணின் உரிமை எவருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.)

சட்டத்தின் இடைவெளி

சட்டம் பயிலும் மாணவர்கள் இப்பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 'குழந்தை' என்பது ஆறு முதல் பதினான்கு வயது வரை. நலிந்த பிரிவுக் குழந்தை பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின் கடமை என்று 8ஆம் பிரிவும், உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவும் கூறுகின்றன. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. கலைத்திட்டம் அரசமைப்பின் விழுமியங்களோடு பொருந்த வேண்டும் என்றும் குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் 29ஆம் பிரிவு சொல்கிறது. இவையனைத்தும் ஆறு வயதுக்குப் பிறகு. மூன்று முதல் ஆறு வரையுள்ள குழந்தைகளைப் பற்றி 11ஆம் பிரிவு பேசுகிறது. அங்கே அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, 'செய்ய வேண்டும்' என்றில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்துக்குப் பின் அரசமைப்பின் 45ஆம் உறுப்பு ஆறு வயது வரையிலான பராமரிப்பையும் கல்வியையும் குறிப்பிடுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது. குழந்தை சாதியைக் கற்கும் வயதும், கல்விச் சட்டம் கைகழுவிய வயதும் ஒன்றாக இருக்கின்றன.

குற்றவியல் சட்டத்துக்கு இந்த வயது வரம்பு இல்லை. பாதிக்கப்பட்டவர் மூன்று வயதுக் குழந்தையானாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதை 5ஆம் பிரிவிலும், தீண்டாமையைக் கடைப்பிடிக்குமாறு சொல்லாலோ செய்கையாலோ தூண்டுவதை 7ஆம் பிரிவிலும் குற்றமாக்குகிறது. ஆனால் தோழனைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குழந்தைக்கு எதிராக இவை எதுவும் பாயாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்பது சட்டம். அது சரியானதும்கூட. தண்டிக்க முடியாத இடத்தில் கற்பித்தாக வேண்டும். அதற்கான ஆயத்தம் எந்த அங்கன்வாடிப் பணியாளருக்கும் தரப்படவில்லை என்பதே நம் குறை.

கொள்கை வகுப்போரின் பார்வையும் வளர்ந்த மாணவர்கள்மீதே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின்பு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாள நீக்கம், மாணவரின் சாதியை வகுப்பில் வெளிப்படுத்தக்கூடாது என்பன போன்ற அதன் பரிந்துரைகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் கையில் கயிறு ஏறும் வயதில் மனத்தில் சாதி ஏறிப் பத்தாண்டு ஆகியிருக்கும்.

இரு குடும்பங்கள், இரு வேலைகள்

குடும்பங்களோடு பணி செய்வது என்றவுடன் எல்லாப் பெற்றோரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்தி 'நாம் அனைவரும் சமம்' என்று உரையாற்றுவது வழக்கமாகிவிட்டது. அதில் நமக்கு நம்பிக்கையில்லை. தலித் குடும்பத்துக்கும் ஆதிக்கச் சாதிக் குடும்பத்துக்கும் தேவைப்படுவது ஒன்றன்று.

தலித் பெற்றோர் பலர், குழந்தையைக் காக்கும் எண்ணத்தில் சாதியைப் பற்றிப் பேசாமலே இருக்கின்றனர். 'அங்கே போகாதே, அவர்களிடம் எதுவும் கேட்காதே' என்ற எச்சரிக்கை மட்டும் காரணமின்றிக் குழந்தைக்குக் கிடைக்கிறது. காரணம் சொல்லப்படாத இழிவைக் குழந்தை தன் குறையாகவே எடுத்துக்கொள்ளும். பள்ளியில் தனிச் சாக்கில் அமர்ந்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீரின்றி இருந்ததையும் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அந்த நிகழ்வுகளைக் கதையாக ஆறு வயதுக் குழந்தைக்கும் சொல்லலாம். தவறு அந்தச் சிறுவனுடையதன்று, சாக்கைத் தனியே போடச் சொன்னவர்களுடையது என்பது அந்த வயதில் தெளிவாகவே விளங்கும். இரவுப் பள்ளிகளும் மாலை நேர வகுப்புகளும் நடத்தும் தோழர்கள் இதைக் கணக்குப் பாடத்துக்கு இணையாகக் கருத வேண்டும்.

ஆதிக்கச் சாதிக் குடும்பங்களிடம் பேசுவது கடினம். அதைத் தலித் செயற்பாட்டாளர்களின் தோளில் ஏற்றுவது முறையுமன்று. அச்சாதிகளில் பிறந்து சாதி ஒழிப்பைப் பேசும் ஆசிரியர்களும் இளைஞர்களும் செய்ய வேண்டிய வேலை அது. கொள்கையிலிருந்து தொடங்கத் தேவையில்லை. வேலைக்கு வரும் முதியவரை உங்கள் பிள்ளை எப்படி அழைக்கிறான் என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

வகுப்பறைக்குள் ஆசிரியர் செய்யக்கூடியவையும் சிறியவையே. உதவித்தொகை விவரம் கேட்கும்போது 'எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திரு' என்று சொல்லாதிருத்தல். பெருக்குவதும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் யாருக்கு விழுகின்றன என்று தன்னையே கணக்கெடுத்தல். 'நமக்கு உதவுபவர்கள்' என்ற பாடத்தில் மருத்துவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் படம் காட்டும் ஆசிரியர், அவ்வகுப்பில் தூய்மைப் பணியாளரின் மகள் இருக்கிறாள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்பணியை 'உயர்ந்த தொண்டு' என்று போற்றிக் கடந்துவிடுதல் எளிது. அந்த வேலை ஏன் குறிப்பிட்ட சிலருக்கே விழுகிறது, இயந்திரம் ஏன் வரவில்லை என்று குழந்தைகளையே கேட்கவிடுதல் மேல். ஒரு குழந்தை சாதிச் சொல்லால் இன்னொன்றை இழிவுபடுத்தினால், அடிப்பதும் தவறு, கேட்காதது போலிருப்பதும் தவறு. இழிவுக்குள்ளான குழந்தையின் பக்கம் முதலில் நின்று, அந்தச் சொல் இங்கே கூடாது என்று எல்லோர் முன்னும் சொல்லி, அன்று மாலையே இரு வீட்டாரையும் தனித்தனியே சந்திக்க வேண்டும்.

கட்டாயப்படுத்தக்கூடிய சில கருவிகளும் நம் கையில் உள்ளன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு, கோரிய மூன்று மாதத்துக்குள் அதைப் பெறும் உரிமையுடையது என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமையும் அதிலேயே உண்டு. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கேள்வி எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. காலனிக்குள் கட்டினால் ஊர்க் குழந்தைகள் வருவதில்லை, ஊருக்குள் கட்டினால் காலனிக் குழந்தைகள் தயங்குகின்றனர் என்ற நிலையில், இரு குடியிருப்புகளுக்கும் பொதுவான இடத்தைக் கிராம சபையில் தீர்மானமாகக் கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் தலித் தாய்மார்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். சமையலர் யார்? குழந்தைகள் எந்த வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள்? கழிப்பறையைக் கழுவுவது யார்?