பெயரில் வாழும் வரலாறு

கோலாலம்பூர் மாநகருக்கு வடக்கே, அதன் வளர்ச்சிக்கு ஈயமும் நிலக்கரியும் வழங்கிய சிற்றூர்கள் சில உள்ளன. அவற்றின் பழைய சின்னங்கள் பலவும் இன்று இல்லை. ஆயினும், கட்டடங்கள் இழந்த வரலாற்றை ஊர்ப்பெயர்கள் காத்து நிற்கின்றன. ரவாங், பத்து ஆராங், கோல குபு ஆகிய மூன்றும் இதற்குத் தக்க சான்றுகளாம்.

‘ரவாங்’ என்னும் மலாய்ச் சொல் சதுப்பு நிலத்தைக் குறிக்கும். ஈயச் சுரங்கத்திற்கு நீரே பெரும்பகை. குழியில் ஊறும் நீரை இறைத்தாலன்றி ஈய மண்ணை அள்ள இயலாது. இங்குச் சுரங்கம் நடத்திய தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் 1894ஆம் ஆண்டில் மின்னாக்கி நிறுவி, நீரிறைக்கும் பொறிகளை இயக்கினர். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது இங்கேதான் என்பர். தம்புசாமி பிள்ளையைப் பத்துமலைக் கோயிலை நிறுவியவராகவே தமிழர் பெரிதும் அறிவர். புதுமையைத் துணிந்து ஏற்ற தொழில் முனைவராக அவரை நினைவூட்டும் ஊர் ரவாங்.

ரவாங்கிற்கு மேற்கே உள்ளது பத்து ஆராங். அப்பெயரின் பொருளே நிலக்கரி என்பதாகும். 1908இல் இங்கு நிலக்கரி கண்டறியப்பட்டது. 1915 முதல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் அதனை வெட்டியெடுத்தது. நாட்டின் புகைவண்டிகளும் மின்நிலையங்களும் இவ்வூர்க் கரியால் இயங்கின. அக்கரியை வெட்டிய சீன, இந்தியத் தொழிலாளரின் வாழ்வோ இருண்டே கிடந்தது. 1937ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தம் கைக்குள் கொண்டுவந்தனர்; காவல் துறையினர் புகுந்து அதனை முறியடித்தனர். எண்ணெய் எரிபொருள் பெருகியதும் கரியின் தேவை குன்றிற்று. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. அக்காலச் செங்கல் புகைபோக்கிகள் அவ்வுழைப்பிற்குச் சான்றாக எஞ்சின.

மூன்றாவது ஊரின் கதை துயரம் மிக்கது. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் கோல குபுவின் அணை உடைந்து ஊரை வெள்ளம் விழுங்கியது. பிரிட்டிஷ் அதிகாரி ரேங்கிங்கும் மக்கள் பலரும் மாண்டனர். அவர் வெள்ளை முதலையொன்றைச் சுட்டதால் நேர்ந்த கேடு அது என்று ஊரார் கதை சொல்வர். பின்னர், ஈயச் சுரங்கங்கள் கழித்த மண் சிலாங்கூர் ஆற்றை மேடாக்கியதால் வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 1926ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் மேட்டு நிலத்தில் ‘கோல குபு பாரு’ எனும் புதிய ஊர் எழுந்தது. பழைய இடமோ ‘அம்பாங் பெச்சா’, அதாவது உடைந்த அணை, எனப் பெயர் பெற்றது. மனிதன் தோண்டியெடுத்த செல்வமே அவன் ஊரை மூழ்கடித்த கதையை அவ்விரு சொற்களும் உரைக்கின்றன.

தோட்டங்கள் குடியிருப்புகளாக மாறியபோது, தமிழர் நாவில் வழங்கிய தோட்டப் பெயர்கள் பல மறைந்தன. பெயர் மறைந்தால், அங்கு உழைத்தோரைப் பற்றிக் கேட்கவும் வழியில்லாது போகும். ஆதலின், தம் ஊரின் பெயர் எவ்வாறு வந்தது என வினவுவதே மாணவர் கற்கவேண்டிய வரலாற்றின் முதற்பாடம் எனலாம்.