மச்சு விரிசலும் சிமெண்ட் பூச்சும்

பழைய மச்சு வீட்டின் உள்கூரையில் விரிசல் தெரிந்தால் இன்று கைக்கு முதலில் வருவது சிமெண்ட். "ஒரு சட்டி குழைச்சு அடைச்சா தீர்ந்துச்சு" என்பார்கள். தீராது. அந்த விரிசல் எந்தப் பொருளில் விழுந்தது என்று தெரிந்தால்தான் எதை வைத்து அடைப்பது என்பதும் தெரியும்.

மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வாங்கிய இந்தக் கூரையில் இரும்புக் கம்பி கிடையாது. வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். உச்சியில் தட்டோடு, அடியில் சுண்ணாம்புப் பூச்சு.

இந்தச் சாந்து வெளிநாட்டுக்காரர்களையும் கவர்ந்திருக்கிறது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மெட்ராஸில் நல்ல சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய குறிப்பை லண்டன் ராயல் சொசைட்டி 1732-இல் வெளியிட்டது. வெல்லம், கடுக்காய், பயறு வேகவைத்த நீர் எல்லாம் அதில் வருகின்றன. நம் கொத்தனார்கள் சொல்லும் கடுக்காய்த் தண்ணிக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்துச் சாட்சி!

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அது முழுசாக முடியப் பல வருஷம் பிடிக்கும். தேக்குக் கட்டை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முடியாதபோது மயிரிழையாக வெடிக்கும். அந்த இடுக்கில் ஈரம் போகும்போது மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கரைந்து, மறுபடி படிந்து, சிறு விரிசல் தானே மூடிக்கொள்வதும் உண்டு.

சிமெண்டின் சுபாவம் வேறு. ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். 1904-இல் சென்னையிலேயே அதைத் தயாரிக்க முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் ஆரம்பித்த ஆலைதான் நிலைத்தது. சீக்கிரம் இறுகும், கடினமானது, மூட்டையில் கிடைக்கும். சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஊர் ஊராக நின்றுபோயின. பொருளோடு அதைக் கையாளும் அறிவும் போயிற்று.

கும்பகோணத்தில் பெரியம்மா இருக்கும் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கூடத்து மச்சில் முன்பு யாரோ சிமெண்ட் பூசிய ஒரு முழ நீளத் துண்டு, பழைய காரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அதன் பின்னால் கட்டை நசநசவென்று ஈரம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடவில்லை. அதற்குப் பக்கத்திலேயே புது விரிசல். கடினமான ஒட்டு அசையாமல் நிற்க, மென்மையான காரை பிளந்துவிட்டது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "மொத்தமா இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்" என்றார். பெரியம்மா, "நான் இருக்கற வரைக்கும் இந்த மச்சு இருக்கட்டும்டா" என்றார்.

பழைய வேலை தெரிந்த ஒரு கொத்தனார் கிடைத்தார். அவர் விரிசலைத் தொடவே இல்லை. முதலில் மாடிக்குப் போய் அடைத்திருந்த தண்ணீர்ப் போக்கியைச் சரிசெய்தார். பிறகு கட்டைகளின் முனையை, சுவருக்குள் போகும் இடத்தில், ஊசியால் குத்திப் பார்த்தார். உளுக்கவில்லை. காரையை விரலால் தட்டினார். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்த இடத்தில் முட்டுக்கொடுத்துக் காரையைப் பெயர்த்தார். கெட்டியாக இருந்ததை விட்டுவிட்டார். கட்டை காய்ந்த பிறகு விரிசலைக் கீறி அகலமாக்கி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, ஊறின சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்தை மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று ஏற்றினார். பல நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார்.

கட்டை உளுத்திருந்தாலோ தொய்ந்திருந்தாலோ பூச்சு எதுவும் உதவாது. பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும். மற்றபடி, இடிக்கச் சொல்லும் முன் யாராவது ஒருவரை அந்தக் காரையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.