போத்து, பதியன், ஒட்டு: கொயினா மரம் நீலகிரிக்கு வந்த கதை



எங்கள் பம்மல் பக்கம் மாடியில் நாலு தொட்டி வைக்காத வீடு இன்று குறைவு. நர்சரிக்குப் போனால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது விதைக் கன்றா, ஒட்டா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கான வரலாறு உண்டு. அதில் நம் தமிழ்நாட்டு மலைகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் செடி பெருக்கும் முறைகளை மூன்று சொற்களாக மனப்பாடம் செய்தோம்: பூத்யூர், மார்கோத், க்ரெஃப். வீட்டுக்கு வந்தால் அவற்றுக்கு நம் சொற்கள் தயாராக இருந்தன. முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் போத்து. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்தால் பதியன். மாங்கன்றின் மேல் வேறு மரத்துக் குச்சியைக் கட்டினால் ஒட்டு. கரும்புக் கரணையும் வாழையின் பக்கக் கன்றும் இதே குடும்பம்தான். விதை என்பது தாயும் தகப்பனும் சேர்ந்த பிள்ளை. எந்தக் குணம் வரும் என்று சொல்ல முடியாது. போத்தும் பதியனும் தாயின் அச்சு அசல். இதுதான் வணிக நாற்றுப் பண்ணைகளின் அடிப்படை.

இந்த அடிப்படை ஓர் உயிர்காக்கும் மருந்துக்குப் பயன்பட்ட கதையைச் சொல்கிறேன்.

மலேரியாக் காய்ச்சலுக்கு அந்நாளில் கொயினாவை விட்டால் வேறு நம்பகமான மருந்து கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் அது இருக்கிறது. பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், ஆண்டு 1820. அதன் பிறகு பட்டைக்குக் கிராக்கி ஏறியது. காட்டு மரங்களை வெட்டி உரித்துக்கொண்டே போனார்கள். பெரு, பொலிவியா முதலிய நாடுகள் விதையும் கன்றும் வெளியே போகாமல் காவல் போட்டன.

இந்தியாவுக்கு அந்த மரத்தைக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்றவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். லண்டனில் இந்திய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், நம் இனம்தான்! 1860-இல் அவர் பெருவில் திரட்டிய கன்றுகள் பெரும்பாலும் வழியிலேயே பட்டுப்போயின. அதே நேரத்தில் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் இருவரும் சிவப்புப் பட்டை இனத்தின் விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார்கள். வார்டு பெட்டி எனப்படும் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்த கன்றுகள் கடல் கடந்து 1861-இல் உதகைக்கு வந்து சேர்ந்தன. சில நூறுதான்.

உதகைத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கி வந்த வில்லியம் மக்கைவர் கையில் அவை ஒப்படைக்கப்பட்டன. சில நூறு கன்றை எப்படித் தோட்டமாக்குவது? பூத்து விதைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அவர் கிளைகளை வளைத்துப் பதியன் போட்டார். வேர் விட்டதும் வெட்டிப் பிரித்தார். பிரித்த செடிகளிலிருந்து இளந்தண்டுகளை நறுக்கிக் கண்ணாடி வீட்டின் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் வேர்விடச் செய்தார். பிறகு ஓர் இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் உள்ள சிறு துண்டே ஒரு செடிக்குப் போதும் என்று காட்டினார். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, சில ஆண்டுகளில் தொட்டபெட்டா, நடுவட்டம், பைக்காரா சரிவுகளில் லட்சக்கணக்கான மரங்கள் நின்றன. அந்த லட்சம் துண்டுகளை நறுக்கி, நட்டு, தண்ணீர் தெளித்த தோட்டக் கூலிகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் இந்த வேலையில் இறக்கினார்கள்.

சிவப்புப் பட்டையில் ஒரு குறை. மரம் திடமாக வளரும், ஆனால் கொயினா குறைவு. பட்டையிலுள்ள மற்றச் சத்துகளும் காய்ச்சலைத் தணிக்குமா என்று பார்க்க 1866-இல் மதராஸ் அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. தணிக்கும் என்றே முடிவு வந்தது. ஏழைகளுக்கு மலிவான மருந்து என்ற எண்ணத்துக்கு அது பலம் தந்தது.

கொயினா மிகுந்த இனம் வேறு கைக்குப் போனது. பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர், தம் முதலாளி சார்லஸ் லெட்ஜருக்காக நல்ல மரங்களின் விதையைத் திரட்டினார். லண்டனுக்கு வந்த அந்த விதையில் சுமார் ஒரு பவுண்டை 1865-இல் டச்சு அரசு வாங்கி ஜாவாவில் விதைத்தது. மமானியோ பின்னர் சொந்த நாட்டில் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார். மரத்துக்கு லெட்ஜர் பெயர் வைத்தார்கள், மமானிக்கு ஒன்றுமில்லை.

லெட்ஜர் மரத்தில் கொயினா ஏராளம், ஆனால் மரம் நோஞ்சான். டச்சுக்காரர்கள் செய்தது க்ரெஃப், அதாவது ஒட்டு. சிவப்புப் பட்டைக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன் மேல் லெட்ஜர் குச்சியைக் கட்டினார்கள். பட்டைக்கு அடியில் வளரும் மெல்லிய பச்சைப் படை இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும், கட்டு இறுக வேண்டும், ஈரம் காயக்கூடாது. இந்த மூன்றும் அமைந்தால் வேரின் பலமும் கிளையின் குணமும் ஒரே மரத்தில் சேரும். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பேன் அழித்தபோது, அமெரிக்கத் திராட்சை வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் அவற்றை மீட்டார்கள்.

பெருக்குவது எளிதானால் ஆபத்தும் உண்டு. இலங்கையில் காப்பிச் செடி துரு நோயால் அழிந்தபோது தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்கு மாறினார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பட்டையைச் சந்தைக்கு அனுப்ப, 1880-களில் விலை சரிந்தது. தாக்குப்பிடித்தது ஜாவா. உலகக் கொயினாவில் பெரும்பங்கு அந்த ஒரே தீவிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாட்டுப் படைகள் மருந்துக்குத் திண்டாடின. ஒரே இனத்தை ஒரே இடத்தில் குவித்ததன் விளைவு அது.

பின்னர் செயற்கை மருந்துகள் வந்தன. நம் அரசுச் சின்கோனாத் தோட்டங்களில் தேயிலை ஏறியது. வால்பாறைக்குப் போகிறவர்கள் இன்றும் 'சின்கோனா' என்ற ஊர்ப்பலகையைப் பார்க்கலாம்.

ஆர்வமுள்ளவர்களுக்கு எளிய விண்பதியன் முறை ஒன்று. கொய்யா அல்லது மாதுளையில் பென்சில் பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, வழவழப்பைச் சுரண்டி விடுங்கள். ஈரப் பாசி வைத்து பாலிதீன் தாளால் இறுகக் கட்டுங்கள். இலை சமைத்த உணவு பட்டை வழியாகக் கீழே இறங்க முடியாமல் காயத்தின் மேல் விளிம்பில் தேங்கும்; அங்கேதான் வேர் வரும். மழைக்காலம் நல்லது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டித் தொட்டியில் வையுங்கள், ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். இரண்டு கிளையில் கட்டுங்கள். ஒன்று பிடிக்காவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.