சுண்ணாம்பிலிருந்து சன்மைக்கா வரை: மும்பைத் தமிழர் வீட்டுச் சாமான் கதை

சுனாபட்டி என்றால் என்ன அர்த்தம்? இங்கே பத்து வருஷமாகக் குடியிருப்பவர்களைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். 'சுனா' என்றால் சுண்ணாம்பு, 'பட்டி' என்றால் சூளை. நம்மூர்ப் பாஷையில் சுண்ணாம்புக் காளவாய். ஒரு வீட்டுக்கு முதல் அலங்காரமே சுண்ணாம்புதானே! அதனால் வீட்டுச் சாமான் பற்றி எழுத எங்கள் பேட்டையை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது :-)

புதுசாக ஃபிளாட் வாங்கிய நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், லோன் போக கையில மிச்சம் இவ்வளவுதான். இதுக்குள்ள வீட்டை நல்லா பண்ணிட முடியுமா?" தாராளமாக முடியும். நம்மாட்கள் மும்பையில் நூறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பி.காம் படித்தவர்களுக்கு முதல் வருஷப் பாடம் ஞாபகம் இருக்கும். பல வருஷம் பலன் தருவது முதலினச் செலவு. அந்த வருஷத்தோடு தீர்வது வருவாயினச் செலவு. மும்பைத் தமிழர் வீட்டுக்கு என்ன வாங்கினார், என்ன வாங்கவில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்குதான். எவ்வளவு பணம் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இந்த ஊரில் எத்தனை வருஷம் இருக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி.

பிளேக் கொடுத்த வீடு

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலான நகரத்தை விரிவாக்க வேண்டும் என்று 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அவர்கள் போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் 1920, 30-களில் ஃபிளாட்டுகள் எழும்பின. குமாஸ்தா, டைப்பிஸ்ட், ஸ்டெனோ என்று வந்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமே (எஸ்.ஐ.இ.எஸ்.) தொடங்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆனால் அந்த வீடு நம்மவர்களுக்குப் புதுசு. திண்ணை இல்லை, முற்றம் இல்லை. கொல்லையில் இருக்க வேண்டிய கழிப்பறை சமையலறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்தச் சங்கடத்தைப் பற்றி நிகில் ராவ் 2013-ல் வந்த தன் புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

உள்ளே சாமான் என்ன? பாய், ஜமக்காளம், டிரங்குப் பெட்டி, ஹோல்டால், பித்தளைப் பாத்திரம். இதை வெறும் ஏழ்மை என்று நினைக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, தரையில் சாப்பிட்டு, தரையில் படுத்த குடும்பத்துக்கு நாற்காலி எதற்கு? அதோடு, ரிட்டயர் ஆனதும் தஞ்சாவூருக்கோ பாலக்காட்டுக்கோ போகத்தானே போகிறோம் என்ற எண்ணம். ரயிலில் ஏற்ற முடிந்ததுதான் வீட்டுச் சாமான்.

சுவருக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். ரவிவர்மா 1894-ல் பம்பாய் கிர்காவில் அச்சகம் ஆரம்பித்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் அடித்து விற்றதால், அரண்மனைப் படம் குமாஸ்தா வீட்டுக்கு வந்தது. பின்னாளில் அந்த இடத்தைக் கோவில்பட்டி கொண்டைய ராஜு போன்றவர்கள் வரைந்த, சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் பிடித்துக்கொண்டன. காலண்டர் இனாம். ஒரு பைசா செலவில்லாத அலங்காரம்!

பீரோ வந்தது

1897-ல் பூட்டுத் தொழிலில் தொடங்கிய கோத்ரெஜ் கம்பெனி, 1923-ல் இரும்பு பீரோ செய்ய ஆரம்பித்தது. மற்ற சாமான்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாயைச் சுருட்டலாம், பெட்டியைத் தூக்கலாம். பீரோவை நாலு பேர் பிடித்து மாடியேற்றிவிட்டால் சாமானியமாக இறக்க மாட்டோம். இந்த ஊரில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறோம் என்று ஒரு குடும்பம் வாய் திறந்து சொல்லாமல் ஒப்புக்கொண்ட இடம் அதுதான். உள்ளே பட்டுப்புடவை, லாக்கரில் நகை, மேலே கொலு பொம்மைப் பெட்டி. நவராத்திரி வந்தால் டிரங்குப் பெட்டிகளே படிகள். அதற்கென்று தனியாக ஒரு சாமான் வாங்கியதில்லை.

யுத்தமும் பிரிவினையும்

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. தேக்கு வரத்து நின்றது. அதே 1942-ல்தான், இறக்குமதி பெயின்ட் கிடைக்காத நேரத்தில், பம்பாயில் ஏஷியன் பெயின்ட்ஸ் பிறந்தது.

அப்புறம் 1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை 1940-ம் வருஷ அளவிலேயே உறைந்துபோனது. குடியிருப்பவர் காலி பண்ணவில்லை. அவ்வளவு குறைந்த வாடகைக்கு வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட அடிக்க மாட்டார். ஆக, சுவர் குடித்தனக்காரரின் பொறுப்பாயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி டிஸ்டெம்பர் வாங்கி நாமே அடிக்கும் காலம் வந்தது. 1954-ல் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த 'கட்டு' பையன், கையில் பிரஷும் பெயின்ட் டப்பாவுமாக, டிஸ்டெம்பர் அடிக்கும் வீடுகளுக்குத் தெரிந்த முகமானான்.

அதே சமயம் சிந்துவிலிருந்து அகதிகள் வந்து இறங்கினார்கள். செம்பூரில் ஒரு முகாம். கல்யாணுக்குப் பக்கத்திலிருந்த பெரிய முகாம் 1949-ல் உல்லாஸ்நகர் என்று பெயர் பெற்றது. அங்கே வளர்ந்த ஃபர்னிச்சர் பஜார் இன்றும் மலிவுக்குப் பேர் போனது. யோசித்துப் பாருங்கள், திரும்பிப் போக ஊரே இல்லாதவர்கள், ஊர் திரும்பும் ஆசையோடு இருந்தவர்களுக்குக் கட்டிலும் மேஜையும் விற்றிருக்கிறார்கள்.

காகிதம் வைக்கும் இடம்

1966-ல் சிவசேனா தொடங்கியது. தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷமும் தாக்குதலும் வந்த அந்த வருஷங்களில் 'எத்தனை வருஷம்' என்ற கேள்வி மறுபடி எழுந்தது. இந்த முறை கேட்டது நாம் இல்லை, மற்றவர்கள்.

தாராவியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை. ஒற்றை அறை, மேலே ஏணி வைத்து ஏறும் 'மாலா', கட்டிலுக்கடியில் பெட்டிகள். மடிக்க முடிந்ததும் அடுக்க முடிந்ததும் மட்டுமே உள்ளே வரும். அந்த அறையிலும் ஒரு பீரோ இருக்கும். நகையை விடப் பத்திரமாக அதில் இருப்பது ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், பழைய கரண்டு பில். மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபித்தால்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. எத்தனை வருஷம் இருந்தோம் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷ உழைப்பு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது.

சுவரில் ஆணி

1977-ல் ஹெச்.டி.எஃப்.சி. ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கடன் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மாதச் சம்பளக்காரருக்கும் எட்டியது. வீடு சொந்தமானதும் சாமானின் குணமே மாறிவிட்டது. சுவரோடு சேர்த்து அடித்த ஷோகேஸ், சமையலறைக் கப்போர்டு, எல்லாவற்றுக்கும் மேல் சன்மைக்கா. மின்சாரக் கருவிகளில் அப்ரகத்துக்குப் பதிலாக 1912-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ஃபார்மிக்காவின் வாரிசு இது. தேக்கின் தோற்றம், பிளைவுட்டின் விலை! ஆனால் விலையை விட முக்கியம், இதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசித்தவர்கள் முழுச் சுவரையும் மரத்தால் மூடினார்கள். நம் கணக்கில் முதல் முழுமையான முதலினச் செலவு இது.

2020 டிசம்பரில் நவி மும்பை துர்பேயில் ஐக்கியா திறந்தபோது, பிரித்து எடுத்துப்போகும் சாமான் ஏதோ புது அதிசயம் போலக் கூட்டம் அலைமோதியது. இரானி ஹோட்டல்களில் பார்த்திருப்பீர்களே, வளைத்த மர நாற்காலி. அந்த ரகத்தின் மூதாதையான 1859-ம் வருஷத்துத் தோனெட் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு போகும்!

சரி, புது வீட்டுக்காரர்களுக்கு என் சிபாரிசு. முதலில் வருஷத்தை எழுதுங்கள், அப்புறம் தொகையை. ஐந்து வருஷத்தில் மாற்றல் வரும் என்றால் கழற்றக்கூடியதை மட்டும் வாங்குங்கள், சுவரில் காசைப் பூசாதீர்கள். இங்கேதான் என்று முடிவானால் சமையலறைக்கும் நல்ல கட்டிலுக்கும் செலவழியுங்கள். சோபா காத்திருக்கும். இதற்கெல்லாம் பர்சனல் லோன் எடுக்காதீர்கள். வட்டி வீட்டுக்கடனை விடக் கணிசமாக அதிகம். சாமான் தேய்ந்த பிறகும் தவணை ஓடும்.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "பம்பாயில் நீங்கள் முதலில் வாங்கிய கனமான சாமான் எது, எந்த வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று அவர்கள் மனசுக்குள் முடிவு பண்ணிய வருஷம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.