மழை மட்டும் போதுமா?



என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்து, இப்போது தானும் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஒரு பிள்ளை போன வாரம் கேட்டிருந்தாள். "டீச்சர், நீர் சுழற்சியைப் படம் போட்டு நடத்தினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல." அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் படம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கடல், சூரியன், மேலே போகும் அம்புக்குறி, மேகம், மலை, ஆறு, மறுபடியும் கடல். எல்லாருடைய நீலக் கிரேயானும் அன்றைக்குத்தான் தீரும்! பார்க்க எளிமையான வட்டம். ஆனால் அந்த வட்டத்தின் ஓரிடத்தில் ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மேகத்திலிருந்து மழை வருகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. இத்தனை ஆறும் ஊற்றும் ஓட அந்த மழை மட்டும் போதுமா என்பதுதான் சந்தேகம்.

அரிஸ்டாட்டில் போதாது என்றார். மலைக்குள்ளே குளிர்ச்சியில் ஆவி நீராக மாறி ஆற்றுக்கு வருகிறது என்பது அவர் கணிப்பு. 17ஆம் நூற்றாண்டில்கூட அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார், கடல்நீர் பூமிக்கடியில் இருக்கும் வழிகளில் போய் மலைகளுக்குள் சேர்ந்து ஊற்றாக வெளியே வருகிறது என்று பெரிய பெரிய படங்களோடு புத்தகம் போட்டார். சிரிக்காதீர்கள். "மழை பேஞ்சு மூணு மாசம் ஆச்சே, கிணத்துல இன்னும் எப்படி டீச்சர் ஊறுது?" என்று என் வகுப்பில் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். அதே கேள்விதானே? அந்தப் பிள்ளையை "உட்காரு, பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகும்.

நம்மவர்கள் சொல்லவில்லையா என்று கீழே யாராவது கேட்பீர்கள். (எங்கள் வீட்டுத் தமிழாசிரியர் தம்பி கட்டாயம் கேட்பான்.) சொன்னார்கள். பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார், புகார்த் துறைமுகத்தில் சரக்கு இறங்குவதையும் ஏறுவதையும் மேகம் கடலில் நீரெடுத்து மலையில் கொட்டுவதோடும், அந்த நீர் திரும்பக் கடலுக்குப் போவதோடும் ஒப்பிடுகிறார். ஏற்றுமதி இறக்குமதிக்கு உவமையாகவே சொல்லிவிட்டார் என்றால், கேட்டவர்களுக்கு அது தெரிந்த விஷயமாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் 'போதுமா' என்று கேட்டால் பாட்டு பதில் சொல்லாது, யாராவது அளக்க வேண்டும்.

அளந்தவர் பியர் பெரோ, பிரான்ஸ் நாட்டுக்காரர். விஞ்ஞானி அல்ல, வரிப்பணம் வசூலிக்கும் உத்தியோகத்தில் இருந்து அதை இழந்தவர். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சென் நதி பிறக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் வரை எடுத்துக்கொண்டார். அந்த நிலப்பரப்பில் ஒரு வருஷத்தில் எவ்வளவு மழை விழுகிறது, அதே வருஷத்தில் ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போட்டார். விழுந்த மழையில் ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதுமானதாக இருந்தது! 1674இல் புத்தகம் வந்தது, அதுவும் பெயர் போடாமல். கொஞ்ச காலத்தில் மரியோத் என்பவர் பாரிஸ் நகரத்தில் சென் நதியை அளந்து அதே முடிவுக்கு வந்தார்.

மேலே ஏறும் அம்புக்குறியை அளந்தவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கோடைக்காலக் காற்றளவுக்குச் சூடாக்கி, தராசில் வைத்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அதை மத்தியதரைக் கடலின் பரப்புக்குப் பெருக்கினால் கோடையில் ஒரு நாளைக்கு 528 கோடி டன் ஆவியாகப் போகிறது. அந்தக் கடலில் சேரும் ஒன்பது பெரிய ஆறுகளும் சேர்ந்து கொண்டுவருவதோ, அவருடைய மதிப்பீட்டில், சுமார் 183 கோடி டன். இதை 1687இல் வெளியிட்டார். ஒரு தட்டையும் தராசையும் வைத்து ஒரு கடலையே எடை போட்ட மனிதர்! நியூட்டனுக்குக் கிடைக்கும் பேரில் பாதியாவது இந்தத் தட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நம் பள்ளியில் தராசு ஏது? மழை விட்டதும் மைதானத்துக் குட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்வேன், ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் இன்னொரு கோடு. மணி அடித்ததும் நீங்கள் ஓடிய ஓட்டம் எனக்கு மறக்காது. நடுவில் ஈரமும் அதைச் சுற்றி வெள்ளை வளையங்களும் இருக்கும்.

மேகத்துக்குப் பெயர் வைத்த கதை சின்னது. லண்டனில் மருந்து தயாரித்து விற்ற லூக் ஹோவர்டு 1802இல் ஒரு சிறு சங்கத்தில் கட்டுரை வாசித்தார். முடிச்சுருள் போல, குவியல் போல, விரிப்பு போல என்று லத்தீனில் அவர் வைத்த பெயர்களைத்தான் நாம் கீற்று, திரள், படை மேகம் என்று படிக்கிறோம். அதே ஆண்டு லாமார்க் பிரெஞ்சில் வைத்த பெயர்களை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று. ஆவி வெறுமனே குளிர்ந்தால் மேகம் எளிதில் ஆகாது, ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். 1880 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் இதைக் காட்டினார். பஞ்சில் வடிகட்டிய காற்றுக்குள் நீராவி விட்டால் தெளிவாகவே இருந்தது. வடிகட்டாத காற்றில் உடனே மூடுபனி. இதை வகுப்பிலேயே செய்யலாம் கண்ணு. வாயகன்ற கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் வெந்நீர், மேலே மூடி, மூடியின் மேல் ஐஸ் கட்டி. உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. மூடியைத் தூக்கி, ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டுச் சட்டென்று மூடு. வெள்ளையாகத் திரண்டு சுழலும். வெந்நீரை நீயே ஊற்று, தீப்பெட்டியும் உன் கையிலேயே இருக்கட்டும்.