போர்சே 911 ஜிடி3: 785 மகிழுந்துகள் திரும்பப் பெறப்பட்ட வரலாறு

போர்சே 911 ஜிடி3 என்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்சே நிறுவனம் தயாரிக்கும் உயர்விலை விளையாட்டு மகிழுந்து ஆகும். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வகைக் கார்களில் இரண்டு தீப்பற்றி எரிந்தன. அதைத் தொடர்ந்து அந்த மாதிரி ஆண்டைச் சேர்ந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று நிறுவனம் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் எல்லாக் கார்களுக்கும் எஞ்சினையே மாற்றித் தந்தது. வாகனங்களைப் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறும் வரலாற்றில் எண்ணிக்கையால் இது மிகச் சிறிய நிகழ்வு. ஆனால் ஒரு குறையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது ஒப்புக்கொள்வது, எவ்வளவு செலவு செய்து சரிசெய்வது ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

வண்டியின் பின்னணி

911 வரிசையின் முதல் கார் 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்க எண்களைத் தாங்களே பயன்படுத்தி வருவதாகப் பிரான்சின் பெஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால் 1964இல் பெயர் 911 ஆனது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பது இவ்வரிசையின் தனி அடையாளம்.

911 பிறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2013இல், மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் புதிய ஜிடி3 வெளியானது. 3.8 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், 475 குதிரைத்திறன், மணிக்கு 315 கிலோமீட்டர் உச்ச வேகம். அப்போது அமெரிக்காவில் இதன் தொடக்க விலையே 1.3 லட்சம் டாலராக இருந்தது. பந்தயத் தளத்திலும் ஓட்டலாம், ஊர்ச் சாலையிலும் ஓட்டலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. எஞ்சின் நிமிடத்திற்கு 9,000 சுற்றுகள் வரை சுழலும். இந்த எண்ணை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இரண்டு தீ விபத்துகள்

ஒரு கார் சுவிட்சர்லாந்திலும் மற்றொன்று இத்தாலியிலும் எரிந்தன. வேறு வண்டியோடு மோதியதால் வந்த தீ அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பகுதியில் பற்றியது. யாருக்கும் காயம் ஏற்படவில்லை.

2014 பிப்ரவரியில் போர்சே தன் உரிமையாளர்களுக்குச் சொன்ன செய்தி சுருக்கமானது: வண்டியை எடுக்காதீர்கள், நாங்களே வந்து எடுத்துச் செல்கிறோம். அப்போது தீக்கான காரணம் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. இங்குதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 785இல் இரண்டு என்பது கால் விழுக்காடு. 'அந்த இரண்டு பேரும் எப்படி ஓட்டினார்களோ' என்று சொல்லிக் காலம் கடத்தியிருக்க முடியும். நிறுவனங்கள் அப்படிச் சொன்ன வரலாறு நிறையவே உண்டு.

மார்ச் 18ஆம் தேதி காரணம் அறிவிக்கப்பட்டது. எஞ்சினின் இணைப்புத் தண்டில் உள்ள திருகு இணைப்பு தளர்ந்ததே குறை. தளர்ந்த தண்டு எஞ்சினின் கீழ் உறையை உடைக்க, அங்கிருந்து கசிந்த எண்ணெய் தீப்பிடித்தது. பழைய போல்ட்டை மட்டும் மாற்றாமல், மேம்படுத்தப்பட்ட திருகுகளுடன் புதிய எஞ்சின்களை 785 கார்களுக்கும் பொருத்துவதாக நிறுவனம் அறிவித்தது.

ஒரு போல்ட் என்ன செய்யும்?

கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. பம்பு, மோட்டார், வார்ப்படம், வாகன உதிரிபாகம் என்று சிறிய பாகங்களாலேயே வளர்ந்த ஊர் இது. 'கனெக்டிங் ராடு' என்று பட்டறையில் சொல்லப்படுவதுதான் பாடநூலின் இணைப்புத் தண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுழலும் வணரித் தண்டோடு, அதாவது கிராங்க்கோடு, சேர்ப்பது அதன் வேலை. தண்டின் கீழ்முனை இரண்டு பாதிகளாக இருக்கும். அவற்றைக் கிராங்க்கைச் சுற்றிப் பிடித்து வைப்பவை இரண்டு போல்ட்டுகள்.

நிமிடத்திற்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150 சுற்று. பிஸ்டன் ஒரு நொடியில் 150 முறை மேலே போய், நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். மேல் எல்லையில் அதை நிறுத்திக் கீழ்நோக்கி இழுக்கும் விசையைத் தண்டும் போல்ட்டுகளும் தாங்குகின்றன. இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 4,500 சுற்றில் உள்ளதைப்போல 9,000 சுற்றில் நான்கு மடங்கு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வட்ட இயக்கம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

போல்ட் தன் வலிமையால் மட்டும் பிடிப்பதில்லை. முறுக்கும்போது அது சிறிது நீண்டு, வில்லைப்போல் இழுவிசையில் நிற்கிறது. அந்த இழுவிசைதான் இரு பாதிகளையும் அசையாமல் வைக்கிறது. அது குறைந்தால் பாதிகளுக்கு இடையே மிகச் சிறிய அசைவு தோன்றும். நொடிக்கு 150 முறை அந்த அசைவு நடந்தால் போல்ட் எவ்வளவு நேரம் தாங்கும்? எடையைக் குறைக்க ஜிடி3யின் தண்டுகள் டைட்டானியத்தில் செய்யப்பட்டிருந்தன. விலையுயர்ந்த உலோகமும் திறமையான வடிவமைப்பும் இருந்தும், பிடி தளர்ந்த ஒரு திருகால் அத்தனையும் எரிந்துபோக முடிந்தது.

செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் பந்தய நாளில் போனவர்களுக்கு உயர் சுற்றில் ஓடும் எஞ்சினின் அலறல் தெரிந்திருக்கும். அந்த ஓசைக்கு அடியில் நடப்பது இதுதான்.

இந்த எஞ்சினின் கதை 2014இல் முடிந்துவிடவில்லை. வால்வுகளை இயக்கும் சிறு நெம்புகள் தேய்வதாகப் பின்னாளில் புகார்கள் எழுந்தன. அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கான உத்தரவாதம் 10 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

முன்னும் பின்னும்

போர்சேவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் ஃபெராரிக்கும் இதே சோதனை வந்தது. 2009இல் அறிமுகமான ஃபெராரி 458 இத்தாலியா கார்களில் சில 2010இல் எரிந்தன. பின்சக்கர வளைவின் உள்பகுதியில் வெப்பத் தடுப்பை ஒட்டப் பயன்படுத்திய பசையே காரணம் என்று தெரிந்தது. அதிக வெப்பத்தில் பசை இளகும், தடுப்பு நகர்ந்து புகைபோக்கியின் அருகே போகும், பசையே பற்றிக்கொள்ளும். அந்த ஆண்டு செப்டம்பரில் 1,248 கார்கள் திரும்பப் பெறப்பட்டு, பசைக்குப் பதிலாக உலோக இணைப்புகள் பொருத்தப்பட்டன. அங்கே பசை, இங்கே போல்ட்.

திரும்பப் பெறுதல் நிறுவனங்களின் பெருந்தன்மையால் மட்டும் வந்த வழக்கம் அல்ல. அமெரிக்காவில் 1966இல் இயற்றப்பட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு அடித்தளம். பின்னால் மோதினால் எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்த ஃபோர்டு பின்டோ கார்களில் சுமார் 15 லட்சம் 1978இல் திரும்பப் பெறப்பட்டன. பல உயிர்கள் போன பிறகே அது நடந்தது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் கதை இன்னும் பெரியது. அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் காலப்போக்கில் கெட்டு, காற்றுப்பை விரியும்போது அதன் உலோகக் கூடு சிதறியது. உயிர் காக்க வைத்த பொருளே உயிர் பறித்தது. உலக வரலாற்றின் மிகப் பெரிய திரும்பப் பெறுதலில் சிக்கிய அந்நிறுவனம் 2017 ஜூனில் நொடித்துப்போனது.

இந்தியாவில்

நம் நாட்டில் நீண்ட காலம் இதற்கென்று சட்டமே இல்லை. 2012 ஜூலையில் இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறையை வகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் செய்த 1,28,655 ஃபிகோ, கிளாசிக் கார்களை ஃபோர்டு இந்தியா பரிசோதனைக்கு அழைத்தது. பின் அச்சுத் தண்டிலும் பவர் ஸ்டியரிங் குழாயிலும் குறை. 2016 அக்டோபரில் ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் கார்களில் சுமார் 50,000 எரிபொருள் குழாய்ச் சோதனைக்கு அழைக்கப்பட்டன. விளையாட்டுக் கார்களின் செய்தியை வேடிக்கையாகப் படிக்கிறோம்; நம் தெருவில் ஓடுவது ஃபிகோவும் க்விட்டும்தான்.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால் வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு ஆணையிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். தானாகத் திரும்பப் பெறத் தவறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கட்டாயத் திரும்பப் பெறுதலுக்கு இத்தனை உரிமையாளர்கள் புகார் செய்திருக்க வேண்டும் என்ற கணக்கும் விதிகளில் உண்டு. வண்டி விற்ற எண்ணிக்கையைப் பொறுத்து இது மாறும். வீண் புகார்களைத் தடுக்க ஒரு வரம்பு தேவை என்பதை ஏற்கலாம். ஆனால் ஜிடி3யில் புகார் இரண்டுதான். வரம்பை எட்டட்டும் என்று காத்திருந்தால் மூன்றாவது வண்டியில் யார் இருந்திருப்பார்களோ! தீ, பிரேக், ஸ்டியரிங் தொடர்பான குறைகளுக்கு எண்ணிக்கை பாராமல் விசாரணை தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

ஏழு ஆண்டு வரம்பும் யோசிக்க வேண்டியதே. 2004 முதல் 2006 வரை 1,270 மட்டுமே தயாரிக்கப்பட்ட போர்சே கரேரா ஜிடி கார்களின் முன்பின் சக்கரத் தொங்கமைப்பு மூட்டுகளில் அரிப்புக் குறை கண்டு, ஓட்ட வேண்டாம் என்று நிறுவனம் 2023இல் அறிவித்தது. அப்போது அந்த வண்டிகளுக்கு வயது பதினேழுக்கு மேல். கொங்கு நாட்டில் காரை ஏழாண்டில் கழித்துவிடுபவர்கள் குறைவு. தோட்டத்துக்கும் சந்தைக்கும் பதினைந்து ஆண்டு ஓட்டியபின் இன்னொருவருக்கு விற்கிறோம்.

அப்படிக் கை மாறிய வண்டிகளில்தான் சிக்கல் அதிகம். எங்கள் வீட்டுக்கு வாங்கிய ஒரு பழைய காருக்கான திரும்பப் பெறுதல் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருந்தது. அவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். ஓராண்டு கழித்து வழக்கமான சர்வீசுக்கு விட்டபோது தற்செயலாகத் தெரிந்தது. பாகத்தை இலவசமாகவே மாற்றித் தந்தார்கள். அரை நாள் வேலைதான். அந்த ஓராண்டில் அந்த வண்டியில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை ஊட்டி போய் வந்திருந்தோம்.

பழைய கார் வாங்குபவர்கள் பதிவுச் சான்றில் உள்ள அடிச்சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் மையத்திலோ கொடுத்துப் பார்க்கலாம். பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி. உரிமையாளர் மாறினாலும் அது மாறாது. குறை இருப்பதாகத் தோன்றினால் மத்திய அரசின் வாகன் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.