ஊசி குத்திய பொம்மை: சித்தூர், திருப்பதி, கொஞ்சம் ஹைட்டி

வூடூ வருகிற பேய்ப்படம் ஒன்று வந்துவிட்டால் போதும், இங்கே இருக்கிற நம்மவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கட்சி: "என்னமா எடுத்திருக்கான், சவுண்ட் எஃபெக்ட்டே மிரட்டுது." இரண்டாவது: "இதுல என்ன புதுசு? நம்ம ஊர் பில்லி சூனியம்தானே, இங்கிலீஷ்ல சொல்றான்." மூன்றாவது: "சுத்த ஹம்பக். படிச்சவங்க பாக்கற படமா இது?" (இந்த மூன்றாம் கட்சிக்காரர்தான் படம் முடிந்த பிறகு பேஸ்மென்ட்டுக்குத் தனியாகப் போகத் தயங்குவார் என்பது வேறு விஷயம் :-) )

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. எங்கள் மாவட்டமே ஒரு கலவை. 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி, பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து சில தாலுகாக்கள், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு, கூடவே சில ஜமீன்கள் என்று சேர்த்து உருவானது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. அதனால் எங்களுக்கு மாயமந்திரப் படங்களும் இரண்டு மொழியில் கிடைத்தன, அவற்றைப் பற்றிய கருத்துக்களும் இரண்டு மொழியில் கிடைத்தன. தமிழில் செய்வினை, ஏவல், சூனியம். தெலுங்கில் சேதபடி. பயம் என்னவோ ஒன்றுதான்.

இந்த மூன்று கட்சிக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் ஹைட்டி. வூடூ என்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக இன்றைய பெனின் நாட்டுப் பக்கத்திலிருந்து, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் மதம். அவர்களைக் கரும்புத் தோட்டங்களில் வேலைக்குப் போட்ட பிரெஞ்சுக்காரர்கள் கத்தோலிக்கராக மாற்றினார்கள். அவர்களோ தங்கள் தெய்வங்களைப் புனிதர்களின் படங்களுக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டார்கள். 1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் ஹைட்டி சுதந்திர நாடானது. அடிமைகளே போராடி ஒரு நாட்டை உண்டாக்கிய கதை உலகத்தில் இது ஒன்றுதான். அந்தப் போராட்டத்தில் வூடூ வழிபாட்டுக்கும் பங்கு உண்டு என்பது அந்த மக்களின் பெருமை.

1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் கதை கதையாக எழுதினார்கள். 1929-ல் வில்லியம் சீப்ரூக் எழுதிய புத்தகம் ஜாம்பியை அமெரிக்க வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுபோனது. 1932-ல் பேலா லுகோசி நடித்த 'ஒயிட் ஜாம்பி' வந்தது. அதில் செத்தும் சாகாத மனிதர்கள் சர்க்கரை ஆலையில் ராப்பகலாக வேலை செய்வார்கள். பார்த்தவர்களுக்கு அது திகில் காட்சி. ஹைட்டிக்காரர்களுக்கு அது பாட்டன் முப்பாட்டனின் நினைவு. செத்தால்கூடத் தோட்டத்திலிருந்து விடுதலை இல்லை என்ற அடிமையின் பயம்தான் ஜாம்பியாக உருவெடுத்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, அந்த ஊசி குத்திய பொம்மை? அது ஹைட்டி வழிபாட்டில் முக்கியமான பொருளே கிடையாது. உருவம் செய்து குத்துகிற பழக்கம் ஐரோப்பியக் கிராமங்களில் ரொம்ப காலமாக இருந்தது. நமக்கும் புதிதில்லை, எதிரிக்காகச் செய்து புதைக்கும் 'கிருத்யை' என்ற உருவத்தைப் பற்றியும் அதை முறியடிக்கும் மந்திரங்களைப் பற்றியும் அதர்வ வேதமே பேசுகிறது. ஆக, இரண்டாம் கட்சிக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பொம்மை நம்ம ஊரிலும் உண்டு. ஆனால் "வூடூன்னா சூனியம்" என்று சொல்லும்போது, ஒரு மக்கள் கூட்டத்தின் மதத்தை அதன் எதிரிகள் வைத்த பெயரால் கூப்பிடுகிறோம். ஹைட்டி அரசு 2003-ல் வூடூவை அதிகாரபூர்வமான மதமாக அங்கீகரித்துவிட்டது.

இப்போது நம்ம ஊர்ப் படங்கள்.

1951-ல் விஜயா நிறுவனத்தின் 'பாதாள பைரவி' தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. கே.வி.ரெட்டி இயக்கம், என்.டி.ராமாராவ் கதாநாயகன். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசுவது எஸ்.வி.ரங்காராவின் மந்திரவாதியைப் பற்றித்தான். அவன் எந்த ஊர்க்காரன்? நேபாளம்! கவனியுங்கள், மந்திரவாதி எப்போதும் வேற்றூர்க்காரன்தான். தமிழ்நாட்டில் கேட்டால் "மலையாள மாந்திரீகம்" என்பார்கள், இல்லையென்றால் கொள்ளேகால் என்பார்கள். கதைகளில் மலைவாசி வருவான். அமெரிக்கனைக் கேட்டால் ஹைட்டி. எல்லாருக்கும் சூனியம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அப்புறம் விட்டலாச்சார்யா. 1978-ல் வந்த 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். பயந்தவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தலைமுறைப் பார்வையாளர்களுக்கு மாயாஜாலப் படம் என்பது திருவிழா மாதிரி. கடைசியில் சாமி வரும், கெட்டவன் அழிவான், சுண்டல் சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்த மனநிலையை மாற்றியவர் எண்டமூரி வீரேந்திரநாத். எண்பதுகளின் தொடக்கத்தில் 'ஆந்திர பூமி' வாரப் பத்திரிகையில் வந்த அவருடைய 'துளசிதளம்' ராஜா ராணிக் கதை இல்லை. நகரத்து வீடு, படித்த அப்பா, ஒரு சின்னப் பெண் குழந்தை, டாக்டர்களுக்குப் புரியாத நோய். நாவல் தமிழிலும் வந்து சக்கைப்போடு போட்டது. படித்தவர்கள் வீட்டுக்குள் சூனியத்தைக் கொண்டுவருகிறார் என்று ரங்கநாயகம்மா போன்ற எழுத்தாளர்கள் கடுமையாக விமரிசித்தார்கள். வாசகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். நம்முடைய இரண்டாம் கட்சிக்கும் மூன்றாம் கட்சிக்கும் நடக்கும் சண்டை அன்றைக்கே நடந்துவிட்டது.

அந்தச் சாயலில் 2008-ல் ராம்கோபால் வர்மா எடுத்த 'பூங்க்' வந்தது. தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு 5 லட்சம் என்று விளம்பரம் வேறு. கடவுளை நம்பாத என்ஜினியர், மகளுக்குச் சூனியம், மருத்துவம் கைவிடுகிறது, மந்திரவாதி காப்பாற்றுகிறார். இந்த வகைப் படங்களில் ஒரு சூத்திரம் உண்டு. டாக்டர் தோற்க வேண்டும். 1973-ல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்திலும் அதேதான். டாக்டர் ஜெயித்தால் இடைவேளையோடு படம் முடிந்துவிடுமே!

டாக்டர் ஜெயித்த படமும் உண்டு. 'மணிச்சித்திரத்தாழ்' (1993), அதன் வழி வந்த 'சந்திரமுகி' (2005). மனநல மருத்துவர் ரஜினி என்ன செய்கிறார்? "உனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்று நோயாளியை அதட்டவில்லை. அவள் நம்புவதையே கையில் எடுத்துக்கொண்டு, பூஜை எல்லாம் நடக்கவிட்டு, கடைசியில் ஆளுக்குப் பதில் ஒரு பொம்மையை வைத்து அவளைக் குணப்படுத்துகிறார். பொம்மை இங்கே மருந்து!

அதே 2005-ல் அமெரிக்காவில் 'தி ஸ்கெலிட்டன் கீ' வந்தது. இருபது வருஷமாகிவிட்டதால் கதையைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். லூசியானாவில் ஒரு பழைய பங்களா, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் இளம்பெண். அங்கே புழங்கும் மாந்திரீகத்துக்கு ஹூடூ என்று பெயர். அது மதம் இல்லை, நாட்டு மாந்திரீகம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, நம்புகிறவர்களைத்தான் அது பிடிக்கும். படம் முழுக்க அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப வைக்கிறார்கள். அவள் நம்பிய அந்த நிமிஷம் மாட்டிக்கொள்கிறாள். எங்கள் நண்பர் வட்டத்தில் முடிவு பிடிக்கவில்லை என்றவர்கள்தான் அதிகம். எனக்கு அந்த முடிவுதான் படம்.

ஏனென்றால் அது வெறும் சினிமா தர்க்கம் இல்லை. 1942-ல் ஹார்வர்ட் உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன், 'வூடூ மரணம்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். தனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முழுசாக நம்புகிறவனை, ஊரும் உறவும் செத்தவனாகவே நினைத்து ஒதுக்கும்போது, பயமே உடம்பைக் குலைத்துக் கொல்லக்கூடும் என்பது அவர் வாதம். கொல்வது பொம்மை இல்லை. பயமும், கைவிட்ட சுற்றமும்.

இங்கேதான் எங்கள் மாவட்டக் கதைக்கு வரவேண்டும்.

1915 என்று மேலே சொன்னேன் இல்லையா? அமெரிக்கப் படை ஹைட்டியில் இறங்கிய அதே வருஷம் மதனப்பள்ளியில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. அன்னி பெசன்ட்டின் பிரம்மஞான சபைக் கல்லூரி தொடங்கியது. பக்கத்தில் ஆரோக்கியவரத்தில் காசநோய் சானிடோரியம் திறந்தது. ரத்தமாகத் துப்பி, உடம்பு உருகி, "யாரோ வெச்சுட்டாங்க" என்று மந்திரிக்கப் போயிருக்கக்கூடிய எத்தனையோ பேர் அங்கே படுக்கையில் கிடந்து தேறி வீடு திரும்பினார்கள். ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் அதுதான். 1919-ல் தாகூர் 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் எழுதித் தந்ததும் அந்தக் கல்லூரியில்தான்.

அதே மதனப்பள்ளியில் 2021 ஜனவரி 24 அன்று, இருபதுகளில் இருந்த இரண்டு பெண்கள் வீட்டுக்குள் பெற்றோராலேயே கொல்லப்பட்டார்கள். கலியுகம் முடிந்து சத்திய யுகம் பிறக்கிறது, பிள்ளைகள் உயிரோடு எழுந்து வருவார்கள் என்று போலீசிடம் சொன்னார்கள். பெற்றோர் இருவரும் நன்றாகப் படித்தவர்கள், கல்வித்துறையில் இருந்தவர்கள். பிறகு மனநல சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது பலர் "சினிமா மாதிரி இருக்கே" என்றார்கள். இல்லை. சினிமாவில் கடைசி ரீலில் குழந்தை எழுந்துவிடும். படிப்பு ஒன்றே தடுப்பூசி என்று நினைக்கிற மூன்றாம் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே படிப்புக்குக் குறைவில்லை. சரியான நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டி "வாங்க, டாக்டரைப் பாக்கலாம்" என்று சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

ஹைட்டியிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2010 பூகம்பத்துக்குப் பிறகு காலரா பரவியது. வூடூ பூசாரிகள்தான் பொடி தூவிப் பரப்புகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக அந்த அரசே சொன்னது. காலரா வந்தது ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுநீரிலிருந்து. தனக்கும் அதில் பங்கு உண்டு என்று ஐ.நா. 2016-ல்தான் ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் சூனியக்காரி என்ற பழி பெரும்பாலும் யார் மேல் விழுகிறது? கேட்க நாதியற்ற விதவை மேல், கூலிக்காரர் மேல். பீகார் 1999-லும், ஜார்க்கண்ட் 2001-லும் இதற்கென்றே சட்டம் போட வேண்டி வந்தது. தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 2013-ல் மகாராஷ்டிரம், 2017-ல் கர்நாடகம்.

அப்படியென்றால் நம்ம ஊர்ச் சாமியாட்டம், வேஷம் எல்லாமே மூடநம்பிக்கையா? அதுவும் இல்லை. திருப்பதி கங்கம்மா ஜாதரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் மே மாதம், ஒரு வாரம். ஊர்ப் பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவன், கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறான். அவள் தினம் ஒரு வேஷம் போட்டுத் தேடுகிறாள். துரை வேஷத்தில் வரும்போது ஏமாந்து வெளியே வருகிறவனைக் கொல்கிறாள். அதை நினைத்து ஆண்கள் புடவை கட்டி, நகை போட்டு வேண்டுதல் செலுத்துகிறார்கள். மலையில் இருக்கும் பெருமாள் அண்ணன் என்பதால் தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வருகிறது. எமரி பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இதைப் பல வருஷம் ஆராய்ந்து 2013-ல் தனிப் புத்தகமே எழுதினார். 2024-ல் 'புஷ்பா 2' இந்த வேஷத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு இங்கே வளரும் ஒரு பிள்ளை, "அப்பா, இது வூடூவா?" என்று கேட்கலாம். "சே, அதெல்லாம் கெட்டது, நம்மது நல்லது" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தைத்தான் நூறு வருஷமாக ஹைட்டியைப் பார்த்து மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "அடிபட்டவங்க தெம்புக்காகக் கும்பிட்ட சாமி அது, இதுவும் அப்படித்தான். உடம்புக்கு வந்தா டாக்டர், மனசுக்கு வந்தாலும் டாக்டர். சாமி கூட வரட்டும், குறுக்கே நிக்க வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பேய்ப்படம் தாராளமாகப் பாருங்கள், நானும் பார்ப்பேன். முடிந்த பிறகு பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் மந்திரவாதியை எந்த ஊர்க்காரனாகக் காட்டினான்? டாக்டரை எந்த இடத்தில் தோற்க வைத்தான்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தப் பொம்மையும் ஒன்றும் செய்யாது.

உங்கள் ஊர்ப் பக்கம் மந்திரவாதி எந்த ஊரிலிருந்து வருவார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு பட்டியலே போடலாம்.